அம்மாவுக்கு வாங்கிய சீஸ்

“கடை மூடியிருக்கு.”

“சரி, அடுத்த கடைக்குப் போங்க.”

“அதுவும் மூடியிருக்கு.”

“அதுக்கு அடுத்தது?”

“ரேவின், இந்தத் தெருவுல திறந்திருக்கிறது மாதா கோயில் ஒண்ணுதான். அங்க கறி விக்க மாட்டாங்க.”

சொன்னவர் ஹெங்க். எங்கள் பஸ் ஓட்டுநர், ஹாலந்துக்காரர். பதினைந்து வருடமாக அதே தடத்தில் ஓட்டியதால் எதற்கும் அவருக்குப் பதற்றம் வருவதில்லை. கேட்டுக்கொண்டு வாசல்படியில் நின்றவள் ரேவின், எங்கள் சமையல்காரி. இரண்டு கையிலும் இரண்டு பெரிய காலிப் பை. இன்ஸ்ப்ரூக்கில் இறங்கி ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கறியும் உருளைக்கிழங்கும் ரொட்டியும் வாங்குவதாகத் திட்டம். ஊரெல்லாம் மணியடித்துக்கொண்டிருந்தது. பாவாடையும் வெள்ளைச் சட்டையுமாகப் பெண்கள் கையில் செடிக்கொத்தோடு கும்பல் கும்பலாக நடந்துகொண்டிருந்தார்கள். கடை ஒவ்வொன்றிலும் கதவு இறங்கியிருந்தது.

“இன்னைக்கு என்ன கிழமை?” என்றாள் ரேவின்.

“புதன்.”

“புதன்கிழமை எவனாவது கடையை மூடுவானா?”

பஸ்ஸுக்குள் பாதிப் பேர் தூக்கம். முந்தின இரண்டு ராத்திரியும் மியூனிக்கில் பீர். அதை விவரிக்க வேண்டாம். பின்சீட்டிலிருந்து பெர்னடெட்டின் குரல் கொட்டாவியோடு வந்தது.

“இன்னைக்கு ஆகஸ்ட் பதினஞ்சு இல்ல? மாதா விண்ணேற்புத் திருநாள்.”

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

“உனக்குத் தெரியுமா?” என்றாள் ரேவின்.

“தெரியாம என்ன? விடியக்காலைல மியூனிக்ல பூசைக்குப் போயிட்டுத்தானே வண்டி ஏறினேன்.”

“அடியே, நேத்தே சொல்லியிருக்கக் கூடாதா?”

“எதுக்குச் சொல்லணும்? நீ பூசைக்கு வர்ற ஆளா? ஆஸ்திரேலியாவுல, எங்க பல்லாரட்ல திருநாள்னா கன்னியாஸ்திரீங்க முழங்கால் போட வைப்பாங்க, அவ்வளவுதான். கடையை யாரு மூடுறா? ஆகஸ்ட் பதினஞ்சுன்னா எங்க ஊர்ல குளிரு, மழை, கால்பந்து.”

“ஹெங்க், உங்களுக்குமா தெரியாது?”

“தெரியுமே. வருஷா வருஷம் மூடுவாங்க.”

“ஏன் சொல்லல?”

“யாரும் கேக்கல. நீ நேத்து மியூனிக்லயே வாங்கிட்டன்னு நினைச்சேன். கையில பையோட போனியே.”

அந்தப் பையோடு அவள் போனது பீர் குடிக்கிற கூடத்துக்கு. அவளோடு நானும்தான் போனேன். பையை நாற்காலியில் மாட்டிவிட்டு மேசைமேல் ஏறி நின்று பாடினோம்.

முன்சீட்டில் உட்கார்ந்திருந்த டாரில் இதுவரை வாயே திறக்கவில்லை. அவன் எங்கள் டூர் மேனேஜர். அடிலெய்டுக்காரன், எங்களைவிட நாலைந்து வயது மூத்தவன். எங்களுக்கு வரைபடமும் கடிகாரமும் போலீசும் அவன்தான். லண்டனிலிருந்து கிளம்பி மூன்று வாரம், ஐரோப்பாவில் கண்ணில் பட்ட ஊரெல்லாம் பார்த்துவிட்டுத் திரும்புகிற மலிவு டூர் அது. ராத்திரி கூடாரம், காலையில் கஞ்சி, சாயங்காலம் சமையல்காரி கையால் ஒரு சாப்பாடு. வந்தவர்கள் எல்லாரும் ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும்தான். கையில் காசு இல்லாத, காலில் சக்கரம் கட்டிய வயசு.

“ரேவின், இங்க வா,” என்றான் டாரில். மெதுவாகத்தான் சொன்னான். மெதுவாகச் சொன்னதால் எல்லாருக்கும் காது நீண்டது.

“ஆம்ஸ்டர்டாம்ல கஞ்சி தீஞ்சுது. நான் ஒண்ணும் சொல்லல.”

“அது புது அடுப்பு…”

“ரைன் நதிக்கரையில நூடுல்ஸ் கொடுத்த. கெவ் அதை வச்சுக் கூடாரத்தை ஒட்டினான். அப்பவும் ஒண்ணும் சொல்லல.”

“நல்லா ஒட்டிச்சு டாரில்!” என்று கெவ் பின்னாலிருந்து கத்தினான். டப்போ என்கிற ஊரிலிருந்து வந்தவன். எந்தத் துக்கத்திலும் ஒரு சத்தம் போடாமல் இருக்க மாட்டான்.

“நீ வாயை மூடு. ரேவின், லண்டன் ஆபீஸ்லருந்து புதுப் பொண்ணு எப்படின்னு கேட்டாங்க. இன்னும் பாக்கலாம்னு சொல்லி வச்சிருக்கேன். இன்னைக்கு ராத்திரி இவங்களை ஓட்டலுக்குக் கூட்டிட்டுப் போகணும்னா நான் ஆபீசுக்கு ஃபோன் பண்ணி உத்தரவு வாங்கணும். ஃபோன் பண்ணினா அவங்க ஒரே ஒரு வார்த்தைதான் சொல்வாங்க. உனக்கே தெரியும்.”

“ரயில்.”

“ஆமா. நாளைக்கு இங்கருந்தே ரயில். லண்டன்ல இருந்து வேற ஆள் வெனிசுக்கு வரும். எனக்கு அதுல சந்தோஷம் இல்ல. சாயங்காலம் வரைக்கும் டைம் தர்றேன். சாப்பாடுன்னு சொல்ற மாதிரி ஏதாவது தட்டுல விழுந்தா சரி.”

ரேவின் தலையாட்டினாள்.

முதல் நாள் ஒவ்வொருவரும் முன்னால் வந்து மைக் பிடித்துத் தன்னைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்பது பஸ் வழக்கம். அன்றைக்கு ரேவின் சொன்னது எனக்கு நினைவிருந்தது. “நியூசிலாந்து, கிரைஸ்ட்சர்ச். இறைச்சித் தொழிற்சாலையில ஆட்டு ஈரலை டப்பாவுல அடைச்சுக்கிட்டிருந்தேன். நாலு வருஷம், ஜன்னல் கிடையாது. இந்த வேலை நிலைச்சா ஒரு பாத்திரத்தையும் கரண்டியையும் வச்சுக்கிட்டு ஒரு கண்டத்தையே சுத்தலாம். நிலைக்கலன்னா திரும்ப ஈரல்தான். எங்க அப்பா ஏர்போர்ட்ல மத்தவங்க பெட்டியை மோந்து பாக்குற உத்தியோகம்.” எல்லாரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள். ஆனால் ‘திரும்ப ஈரல்தான்’ என்றபோது மட்டும் அவள் சிரிக்கவில்லை.

மலையடிவாரத்தில் கூடாரம் போடும் புல்வெளிக்கு வந்து சேர்ந்தோம். மற்றவர்கள் கூடாரம் அடிக்கப் போனார்கள். அன்றைக்குச் சமையல் உதவி முறை எங்கள் நாலு பேருடையது: நான், கெவ், பெர்னடெட், மர்ரே. மர்ரே என்னைப் போல நியூசிலாந்து, எங்கள் தீவின் தென்கோடியில் செம்மறி ஆடு வளர்க்கிற வீட்டுப் பையன். பேசினால் காசு செலவாகும் என்று நினைக்கிறவன்.

ரேவின் சாமான் பெட்டியைத் திறந்தாள்.

“மாவு இருக்கு. நிறையவே இருக்கு. வெங்காயம் ஒரு மூட்டை. வெண்ணெய் கொஞ்சம். ஓட்ஸ். தேயிலை.”

“வெங்காயக் கஞ்சி வைக்கலாம்,” என்றான் கெவ்.

“உன்னை வெட்டி வைக்கலாம்.”

“என்கிட்ட ஒண்ணு இருக்கு. அம்மா ஊர்லருந்து கொடுத்து அனுப்பினது.” பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தான். ஆஸ்திரேலியாக்காரர்கள் ரொட்டியில் தடவுகிற, தார் மாதிரி கறுப்பாக, உப்புக் கரிக்கிற அந்தச் சாமான்.

“உள்ள வை!” என்று மூன்று பேர் ஒரே குரலில் கத்தினோம். மர்ரே கூட வாய் திறந்தான்.

“உங்க ஊர்லயும் இதே மாதிரி ஒண்ணு தின்னுறீங்களேடா, ஆட்டுக்காரப் பசங்களா.”

“எங்களுது வேற,” என்றான் மர்ரே. அன்றைய பேச்சு அவனுக்கு அதோடு முடிந்திருக்க வேண்டியது.

பெரிய அண்டா பஸ்ஸின் அடிவயிற்றில், பைகளுக்குப் பின்னால் இருந்தது. ஹெங்க் அந்தச் சாமான் அறையின் மூடியைத் தூக்கியதும் மூக்கைப் பிடித்துக்கொண்டார்.

“என்ன கண்ராவி இது? பதினஞ்சு வருஷத்துல என் வண்டி வயிறு இப்படி நாறினதில்ல.”

“காலுறை,” என்றாள் பெர்னடெட். “கெவ்வுது.”

“என் காலுறையா? நான் இன்னும் அதைக் கழட்டவே இல்ல.”

ரேவின் கிட்டே வந்தாள். குனிந்து, தலையை உள்ளே விட்டு, நாய் மோப்பம் பிடிக்கிற மாதிரி பிடித்தாள். பிறகு கேட்டாள்.

“கிளெனிஸ், உன் பையில என்ன இருக்கு?”

கிளெனிஸ் நான்தான். “துணி.”

“துணிக்கு நடுவுல?”

“…சீஸ். ஆம்ஸ்டர்டாம்ல வாங்கினது. சிவப்பு மெழுகு பூசினது. அம்மாவுக்கு.”

“மர்ரே?”

“சீஸ். ரெண்டு. சாசேஜ், மியூனிக்ல.”

“பெர்னடெட்?”

“சீஸ், ஒரு சின்ன உருண்டை. அப்புறம் பன்றித்தொடை உப்புக்கண்டம். எங்க கோயில் சாமியாருக்கு.”

“கெவ்?”

“நான் சொல்ல மாட்டேன்.”

“கெவ்.”

“பெரிய உருண்டை. இருக்கறதுலயே பெருசு.”

ரேவின் அப்படியே புல்லில் உட்கார்ந்தாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று ஒரு நிமிடம் எங்களுக்குத் தெரியவில்லை.

“ஊருக்கு எப்பப் போறீங்க?”

“டூர் முடிஞ்ச வாரமே,” என்றேன். “பஸ்ஸுல முக்கால்வாசிப் பேர் அப்படித்தான்.”

“இதையெல்லாம் எங்கப்பா என்ன செய்வார் தெரியுமா?”

எங்களுக்குத் தெரியும். எல்லாருக்கும் தெரியும். எங்கள் இரண்டு நாட்டிலும் விமானத்திலிருந்து இறங்கினால் முதலில் கேட்பது அதைத்தான்: கறி இருக்கா, சீஸ் இருக்கா, தேன் இருக்கா, விதை இருக்கா, செருப்பில் மண் இருக்கா. தெரிந்தும், ஆம்ஸ்டர்டாம் கடையில் சிவப்பு உருண்டைகளைப் பார்த்ததும் அம்மா முகம்தான் எங்களுக்கு நினைவுக்கு வந்தது, ஏர்போர்ட் வரவில்லை.

“பெரிய பீப்பாய் ஒண்ணு இருக்கும்,” என்றாள் ரேவின். “அதுல போடுவார். மேல நீல மருந்து ஊத்துவார். ஒரு பாட்டி அவர் கையைப் புடிச்சுக்கிட்டு அழுதுச்சாம், எங்க அண்ணன் கொடுத்த சாசேஜ் ஐயான்னு. இவரும் அழுதுகிட்டே ஊத்தினாராம். வீட்டுக்கு வந்து சாப்பிடல.” எழுந்து மண்ணைத் தட்டினாள். “ஹெங்க், ஹாரன் அடிங்க.”

“எதுக்கு?”

“எல்லாரும் வரணும்.”

நீளமாக மூன்று முறை ஹாரன் அடித்தால், கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடிவந்து அவரவர் சீட்டில் உட்கார வேண்டும். அதுதான் பஸ் சட்டம். ஹாரன் மலையில் மோதித் திரும்பியது. பாதி அடித்த கூடாரத்தை விட்டுவிட்டு, ஒரு கால் செருப்போடும், தலையில் சோப்பு நுரையோடும் வந்து ஏறினார்கள்.

“என்ன, கிளம்பறோமா?” “தீப்பிடிச்சிருச்சா?” “எனக்கு இன்னும் குளிச்சு முடியல!”

டாரில் கடைசியாக வந்தான். ரேவின் மைக்கைக் கையில் எடுத்திருந்தாள். மைக்கை டாரிலைத் தவிர யாரும் தொடக்கூடாது. அவன் புருவத்தைத் தூக்கினான், தடுக்கவில்லை. வாசல்படியில் சாய்ந்து நின்றான்.

“நான் ரேவின்,” என்றாள். மைக் கீச்சிட்டது. “எல்லாருக்கும் தெரியும். கஞ்சியைத் தீய்ச்சவ. இன்னைக்குக் கடை எல்லாம் மூடிட்டாங்க. நான் முன்கூட்டியே பாக்கல, என் தப்பு. சமைக்க மாவும் வெங்காயமும்தான் இருக்கு. ஆனா இந்த வண்டிக்கு அடியில ஐம்பது அம்மாவுக்கு வாங்கின சீஸ் இருக்கு.”

உடனே கூச்சல்.

“அதைத் தொடாதே!”

“அது எங்க அம்மாவுக்கு!”

“எங்க பெரியம்மா ஆசையா கேட்டது!”

“கேளுங்க, கேளுங்க! அதுல ஒண்ணுகூட உங்க அம்மா கைக்குப் போகாது. எங்கப்பா கைக்குத்தான் போகும். கிரைஸ்ட்சர்ச்ல எங்கப்பான்னா சிட்னியில வேற யாரோ ஒருத்தரோட அப்பா. கைக்கு எட்டினது வாய்க்கு எட்டாதுன்னு தெரிஞ்சே தூக்கிட்டுப் போறீங்க. நீல மருந்துக்குக் கொடுக்கிறதை எனக்குக் கொடுங்க. நான் சமைச்சுப் போடுறேன்.”

“நீயா?” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். “நீ சமைக்கிறதுக்கு நீல மருந்தே தேவலை!”

பஸ் சிரித்தது. ரேவினின் காது சிவந்தது. மைக்கைக் கீழே வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

“சரி, நியாயம்தான்,” என்றாள். “ஆனா இன்னைக்கு நான் சமைக்கலன்னா நாளைக்கு என்னை ரயில் ஏத்திடுவாங்க. அப்புறம் நீங்க யாரைக் கிண்டல் பண்ணுவீங்க?”

அதற்கும் சிரித்தார்கள். இந்தச் சிரிப்பு வேறு மாதிரி.

கெவ் எழுந்தான். “நான் தர மாட்டேன். என் அம்மா டப்போவைத் தாண்டினதில்ல. வாழ்க்கையில ஒரு வெளிநாட்டுப் பொருள்கூட அவங்க கையில பட்டதில்ல. நான் ஒளிச்சு எடுத்துட்டுப் போவேன். காலுறைக்குள்ள. எவன் என் காலுறையை மோந்து பாப்பான்?”

“கெவ்,” என்றான் மர்ரே.

“நீ சும்மா இரு மாப்ள.”

மர்ரே எழுந்து நின்றான். டூரின் மூன்று வாரத்திலும் அவன் இவ்வளவு பேசி நான் கேட்டது அதுதான்.

“ஐரோப்பாவுல மாட்டுக்கும் ஆட்டுக்கும் கோமாரி வரும். எங்க நாட்டுல இல்ல, உங்க நாட்டுல இல்ல. எதுல ஒட்டிக்கிட்டு வரும்னு யாருக்கும் தெரியாது. பால்ல வரலாம், சாசேஜ்ல வரலாம். ஒரு பண்ணையில வந்தா ஊர்ல இருக்கிற எல்லாத்தையும் சுட்டுக் குழியில போடணும். உங்கம்மாவுக்கு ஒரு உருண்டை சீஸ் கிடைக்கும். எங்கப்பாவுக்கு ஒரு ஆடு மிஞ்சாது.”

“அது உங்க ஊரு…”

“டப்போவுல ஆடு இல்லையா?”

கெவ் உட்கார்ந்தான். டப்போவில் ஆட்டைத் தவிர வேறு என்ன இருக்கிறது.

“அப்போ நீ எதுக்குடா வாங்கின?” என்று கேட்டான், சின்னக் குரலில்.

“அம்மாவுக்குப் புடிக்கும்னு. ஏர்போர்ட் வரைக்குமாவது என்கூட இருக்கட்டும்னு.” மர்ரே ரேவினைப் பார்த்தான். “என்னுது ரெண்டும் எடுத்துக்கோ. சாசேஜும்.”

அதற்குப் பிறகு ஆளாளுக்கு இறங்கிப் பைகளை இழுத்தார்கள். சிவப்பு உருண்டை, மஞ்சள் உருண்டை, சீரகம் போட்டது, புகை போட்டது, நசுங்கினது, சட்டையோடு ஒட்டிக்கொண்டது. ரைன் நதிக்கரைத் தேன். யாரோ வாங்கியிருந்த கடுகு. பெர்னடெட் சாமியாருடைய உப்புக்கண்டத்தைச் சிலுவை போட்டுவிட்டுக் கொடுத்தாள். நானும் என்னுடையதைக் கொடுத்தேன். கடைசியாக கெவ் வந்தான். பெரிய உருண்டையை இரண்டு கையாலும் குழந்தை மாதிரி பிடித்திருந்தான்.

“மெழுகை எனக்குத் திருப்பித் தரணும்.”

“மெழுகு எதுக்குடா?”

“கொடுன்னா கொடு.”

ஹெங்க் அந்தக் குவியலைச் சுற்றி ஒரு நடை நடந்தார். ஓர் உருண்டையை எடுத்துக் கத்தியால் சின்னதாகக் கீறி வாயில் போட்டார். முகம் கோணியது.

“எந்தக் கடை?”

“நீங்கதான் வண்டி நிறுத்தினீங்க. காற்றாலைக்குப் பக்கத்துல, மரச் செருப்பு போட்ட பொண்ணு…” என்று இழுத்தேன்.

“அது கழிப்பறைக்காக நிறுத்தினது! அதுல போய் யாராவது சீஸ் வாங்குவாங்களா? இது சீஸ் இல்ல, மெழுகுக்கு உள்ள சோப்பு.”

“உருகுமா?” என்றாள் ரேவின்.

“உருகும். ருசி இருக்காது.”

என்ன செய்வது என்று அவளுக்கு இன்னும் தெரியவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. மாவு, வெங்காயம், சீஸ். ரொட்டி சுட அடுப்பு கிடையாது. அப்போது அந்தப் புல்வெளிக்குச் சொந்தக்காரி வந்தாள், திருமதி ஹோல்ஸ்ல். கோயிலிலிருந்து திரும்பி வந்த கோலம். கையில் செடிக்கொத்து, முகத்தில் ஹாரன் சத்தத்துக்கு ஒரு கோபம். ஹெங்க் அவள் பாஷையில் பேசினார். அவள் குவியலைப் பார்த்தாள். கோபம் போயிற்று. ஏதோ சொல்லிவிட்டு இடுப்பில் கை வைத்துச் சிரித்தாள்.

“என்ன சொல்றாங்க?” என்றாள் ரேவின்.

“இவ்வளவு சீஸும் மாவும் வச்சுக்கிட்டு இந்த டிரோல் மலைச் சீமையில பட்டினின்னு சொன்னா மாதாவே சிரிப்பாளாம். முட்டை கலந்து மாவைக் கரைச்சு, ஓட்டைத் தட்டு வழியா கொதிக்கிற தண்ணியில தேய்ச்சு விடணும். சின்னச் சின்னதா மிதந்து வரும். அள்ளி, சீஸ் போட்டு, மேல சிவக்க வறுத்த வெங்காயம். இங்க குழந்தைகூட செய்யுமாம்.”

“முட்டை இல்லையே. அவங்ககிட்ட விலைக்குக் கிடைக்குமா?”

ஹெங்க் கேட்டார். அவள் கையை வேகமாக ஆட்டினாள்.

“விக்க மாட்டாங்களாம். திருநாள் அன்னைக்கு விக்கிறது பாவம்.”

ரேவினின் முகம் தொங்கிப்போயிற்று.

“சும்மா எடுத்துட்டுப் போகச் சொல்றாங்க. கோழிக் கூண்டு வீட்டுக்குப் பின்னால இருக்கு. கொத்துற சிவப்புக் கோழிகிட்ட மட்டும் போகாதேங்கறாங்க.”

கெவ் சிவப்புக் கோழியிடம்தான் போனான்.

பிறகு நடந்ததை ஊர் கூடித் தேர் இழுத்தது என்றுதான் சொல்ல வேண்டும். மர்ரே மாவைக் கரைத்தான். பண்ணையில் சிமெண்டு குழைத்துப் பழகிய கை, கட்டி விழவில்லை. இருபது பேர் வட்டமாக உட்கார்ந்து வெங்காயம் உரித்து அழுதார்கள். பெர்னடெட் சீஸ் சீவினாள். திருமதி ஹோல்ஸ்ல் திருநாள் பாவாடைக்கு மேல் ஏப்ரன் கட்டிக்கொண்டு ஒரு தடவை செய்து காட்டினாள். ஓட்டைத் தட்டின் மேல் மாவை ஊற்றி, கரண்டியின் முதுகால் ஒரு தேய். பூந்தி விழுகிற மாதிரி மாவு தண்ணீரில் உதிர்ந்தது. பிறகு கரண்டியை ரேவினிடம் கொடுத்துவிட்டுக் கையைக் கட்டி நின்றாள்.

முதல் ஈடு கரைந்து கஞ்சியாகப் போயிற்று.

“கஞ்சியேதான்!” என்றான் கெவ், கோழி கொத்தின விரலைச் சப்பிக்கொண்டே.

“தண்ணி சரியா கொதிக்கல,” என்றாள் ரேவின். “மர்ரே, இன்னும் ஒரு கை மாவு. கிளெனிஸ், தீயைக் கூட்டு. யாரும் என்கிட்டப் பேசாதீங்க.”

டாரில் தூரத்தில் பஸ் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஏற்கெனவே துடைத்த கண்ணாடி. ரேவினின் படுக்கைச் சுருட்டு அவள் கூடார வாசலில் கட்டி வைத்தபடி இருந்ததை அப்போதுதான் பார்த்தேன். பையும் பக்கத்தில். மற்றவர்கள் படுக்கையை விரித்தபோது அவள் மட்டும் ரயிலுக்குக் கட்டி வைத்திருக்கிறாள்.

இரண்டாவது ஈடு மிதந்தது. ஒன்று, பத்து, நூறு என்று மஞ்சளாக மேலே வந்தது. ரேவின் அள்ளினாள், வாயில் போட்டாள், சுட்டுக்கொண்டாள், கண்ணை மூடினாள்.

“என்னடி?” என்றேன்.

“சாப்பாடு,” என்றாள். அடுத்த ஈட்டுக்கு மாவை எடுத்தாள்.

சீஸ் போட்டுக் கிளறுகிற நேரத்தில் ஹெங்க் வந்தார். கையில் துணியில் சுற்றிய ஒன்று. ஓட்டுநர் சீட்டுக்கு அடியில் அவர் ஒரு பெட்டி வைத்திருந்தார்; அதில் என்ன இருக்கிறது என்று லண்டனில் கிளம்பியதிலிருந்து எங்களுக்குள் பந்தயம். துணியைப் பிரித்தார். கல் மாதிரி இறுகிப் பழுப்பேறிய அரை வட்டு.

“எங்க ஊர்ச் சீஸ். எங்க அக்கா செய்யறது. இந்தச் சோப்பைத் தனியா போட்டு என் நாட்டு மானத்தை வாங்காதே. இதையும் சீவிப் போடு.”

“முழுசுமா?”

“நான் மனசு மாறுறதுக்குள்ள.”

வெயில் மலை உச்சியில் மட்டும் மிச்சமிருந்தபோது தட்டு நீட்டினோம். சீஸ் நூலாக இழுபட்டது. மேலே கறுஞ்சிவப்பாக வெங்காயம், ஓரத்தில் மர்ரேயின் சாசேஜும் சாமியாரின் உப்புக்கண்டமும். முதல் பத்து நிமிடம் கரண்டிச் சத்தம்தான். எங்கள் பஸ் கும்பலிடம் அப்படி ஓர் அமைதியை அதற்கு முன் ஒரு மாதா கோயிலுக்குள் போனபோதுகூடப் பார்த்ததில்லை.

“எங்கம்மாவுக்கு இது ரொம்பப் புடிக்கும்,” என்றான் கெவ், வாய் நிறைய.

“எது?”

“நான் நல்லா சாப்பிடறது.”

அவன் மடியில் சிவப்பு மெழுகுத் தோல் இருந்தது. கழுவி, துடைத்து, ஓர் ஓடு மாதிரி முழுசாக வைத்திருந்தான். ஆணியால் அதில் தன் பெயரைக் கீறிவிட்டு என்னிடம் நீட்டினான்.

“நீயும் எழுது. எல்லாரும் எழுதணும். எங்கம்மா ஜன்னல்ல வைப்பாங்க.”

“ஏர்போர்ட்ல விடுவாங்களா?”

“ரேவின்! மெழுகை உங்கப்பா விடுவாரா?”

“நல்லா கழுவிட்டு, கேக்கறதுக்கு முன்னாடி நீயே காட்டினா விடுவார்,” என்று அடுப்படியிலிருந்து பதில் வந்தது. “காலுறையில வச்சா விட மாட்டார்.”

நானும் எழுதினேன். மெழுகு கைமாறிக் கைமாறிப் போயிற்று. திருமதி ஹோல்ஸ்ல் கூட எழுதினாள். என் அம்மாவுக்கு நான் கடைசியில் கொண்டுபோனது அந்தச் சமையல் ஒன்றுதான். ஊர் போன முதல் ஞாயிற்றுக்கிழமை செய்து போட்டேன். “இதுக்கா இவ்வளவு தூரம் போன?” என்று கேட்டுவிட்டு அம்மா மறுபடியும் தட்டை நீட்டினாள்.

அன்றைக்கு டாரில் தனியாகத்தான் சாப்பிட்டான், பஸ் படியில் உட்கார்ந்து. தட்டு காலியானதும் எழுந்து வந்தான். ரேவின் அண்டா பக்கத்தில் கரண்டியோடு நின்றாள். நாங்கள் பாத்திரம் கழுவுவதை நிறுத்தாமல் காதை மட்டும் அங்கே வைத்தோம்.

தட்டை நீட்டினான். அவள் போட்டாள். அங்கேயே நின்று அதையும் சாப்பிட்டு முடித்தான்.

“நாளைக்குக் காலைல ஹெங்க் உன்னை இன்ஸ்ப்ரூக்ல இறக்கிவிடுவார்.”

ரேவின் கரண்டியைக் கீழே வைத்தாள். “சரி. படுக்கையெல்லாம் கட்டிட்டேன்.”

“படுக்கை எதுக்கு?”

“ரயிலுக்கு.”

“சந்தைக்குப் போறதுக்குப் படுக்கை எதுக்குன்னு கேட்டேன். வெனிசுக்கும் சேர்த்து வாங்கிடு. ஆபீசுக்கு நான் எழுதிக்கிறேன். அடுத்த டூர்லருந்து இந்த ஊர்ல இதுதான் சாப்பாடு. கடை திறந்திருந்தாலும் சரி.” போகத் திரும்பியவன் நின்றான். “இன்னொண்ணு. என் மைக்கைத் தொட்டா கையை உடைப்பேன்.”

“சரி டாரில்.”

“இத்தாலியில எந்தெந்தச் சாமிக்கு என்னைக்கு லீவுன்னு பெர்னடெட்கிட்ட கேட்டு வச்சுக்கோ.”

அவன் போனதும் ரேவின் கூடாரத்துக்கு ஓடினாள். கட்டி வைத்திருந்த கயிற்றை அவிழ்த்து, படுக்கையைப் புல்லில் விரித்து, அதன் மேல் மல்லாந்து விழுந்தாள். கையில் மாவு, முடியில் மாவு.

“பெர்னடெட்!” என்று வானத்தைப் பார்த்துக் கத்தினாள். “அடுத்த திருநாள் எப்போடி?”

“என்னை ஏன் கேக்குற?” அண்டாவுக்குள் தலையை விட்டுச் சுரண்டிக்கொண்டிருந்த பெர்னடெட்டின் குரல் மணி மாதிரி எதிரொலித்தது. “நான் பூசைக்குப் போறவ. கடைக்குப் போறவ நீ.”